சாட்சியும் காவலும்

எங்கள் பாட்டி சில வியாதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டாள். "மேகம்" என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். வானத்து மேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தமென்று சிறு வயதில் நான் குழம்பியதுண்டு.

இப்போது பெருங்குடியில் குடியிருக்கிறேன். அடுத்த ஊரான தரமணியில் வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதெல்லாம் பாட்டியின் நினைவு வரும். எய்ட்ஸ் நோயாளிகளுக்காக டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் பல ஆண்டுகள் அந்த வளாகத்தில்தான் நடந்தது.

அதற்கும் முந்தியது கதை. 1985-ஆம் ஆண்டின் கடைசியில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை. எய்ட்ஸ் மேல்நாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வருவது, நம்மை அண்டாது என்று பெரிய மனிதர்களே நம்பியிருந்த காலம். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலையை அவர் தம் மாணவி நிர்மலாவிடம் ஒப்படைத்தார். காவலில் வைக்கப்பட்டிருந்த பெண்களைத் தேடிப் போய், 80-க்கு மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார் நிர்மலா. வைக்க வேறு இடமின்றி அதைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்தார். 1986 பிப்ரவரியில் கணவருடன் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு பேருடைய ரத்தம் மஞ்சளாக மாறிற்று.

மஞ்சள் நமக்கு மங்கல நிறம். அன்று அது இந்தியாவுக்குள் எய்ட்ஸ் கிருமி வந்துவிட்டது என்ற செய்தியைச் சொன்னது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தச் சோதனை காட்டியது கிருமியை அல்ல. கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொண்ட எதிர்ப்பொருளை. ஆயுதம் இருந்தும் ஏன் காக்கவில்லை? அது உருவாகச் சில வாரங்களாகும். அதற்குள் கிருமி, உடம்பின் காவல் அணுக்களுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது; பிறகு அடிக்கடி சட்டையை மாற்றிக்கொள்கிறது. காவற்காரன் வந்து சேரும்போது களவு முடிந்துவிடுகிறது. அவன் சாட்சி சொல்லத்தான் முடியும்.

ஆனால் முன்கூட்டியே வந்து நின்றால்? அதற்கும் உதாரணம் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலமான பாப்பிலோமா கிருமியின் முக்கிய இனமொன்றை 1983-இல் ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன் கண்டுபிடித்தார். 2006-இல் தடுப்பூசி வந்தது. ஊசி போடுவது புஜத்தில், காவலோ பிறப்புறுப்பில். எப்படி? மூக்குக்கும் குடலுக்கும் தனி வகை எதிர்ப்பொருள் அதிகம். பிறப்புறுப்பின் ஈரத்திலோ ரத்தத்தில் ஓடும் வகையே மிகுதி. ரத்தத்திலிருந்து கசிந்து வந்து வாசலில் நிற்கிறது. கிருமி உள்ளே நுழையுமுன்பே பற்றிக்கொள்கிறது. நுழைந்துவிட்ட கிருமியை அதனால் விரட்ட முடியாது. ஆகையால்தான் 9 முதல் 14 வயதுக்குள் ஊசி போடச் சொல்கிறார்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்தது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. சங்கோசத்தால் வியாதியை மறைத்து, முற்றியபின் அதன் படியேறிய பெண்கள் எத்தனை பேரோ!

சென்ற மாதம் என் பேத்திக்கு அந்த ஊசி போட்டோம். "எதுக்குத் தாத்தா இது?" என்று கேட்டாள். குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குத்தான் வியர்த்துவிட்டது.