பல்லின் விலை

செம்பரம்பாக்கம் என்றவுடன் நாட்டார் நினைவுக்கு வருவது ஏரி. 24 அடி உயரத்துக்கு நீர் நிற்கும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும். சென்னையின் தாகம் தீர்க்கும். 2015 டிசம்பரில் அங்கிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பெருகிவந்தபோது, அதுவரை அப்பெயரைக் கேட்டறியாதவரும் கேட்டறிந்தனர்.

அந்த ஏரிக்கு அருகே செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் மற்றொரு வெள்ளம் ஓடுகிறது. மனித வெள்ளம்! இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொடர்ந்து நிற்கும் ஆலைகளுக்கு, இரவும் பகலும் முறைமாற்றி முறை சென்று, மோட்டார் வண்டியும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்து தரும் உழைப்பாளர் வெள்ளம்.

அவர்களில் ஒருவருக்குப் பல்வலி. சொத்தை முற்றிவிட்டது; பிடுங்கியாக வேண்டும். என்ன விலை ஆகும்?

"விலையா! அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கட்டணமே இல்லையே!" என்று விடை கூறுவர். உண்மை. பெருமைக்குரிய உண்மை. ஆயினும், கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறதா? வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

பல்லுக்குள் புழு இருக்கிறது, அதுவே குடைகிறது என்று பாபிலோனியர் நம்பினர். அந்த நம்பிக்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. ஐரோப்பாவிலோ, பல்வலி தீர அப்பொலோனியா என்னும் புனிதவதியை வேண்டினர். 1728இல் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் பல் மருத்துவத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். தேடிப் பார்த்தேன், புழுவைக் காணோம் என்றார். வேண்டியதில்லை, வணங்கியதில்லை, பார்த்தார், சொன்னார். அதுவன்றோ அறிவு!

புழுவை அறிவு விரட்டிற்று, வலியை? 1844 டிசம்பரில், அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், சிரிப்பூட்டும் வாயு எனப்பட்ட நைட்ரஸ் ஆக்சைடை உட்கொண்டு, தம் பல்லையே பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை. இரண்டாண்டு கழித்து, 1846இல், பாஸ்டன் மருத்துவமனையில் அறுவைக்கு ஈதர் கொடுத்துக் காட்டினார் வில்லியம் மார்ட்டன். அவரும் பல் மருத்துவரே. வலியில்லா அறுவைக்கு வழி திறந்தவர்கள் பல் பிடுங்குவோர் என்பதை மருத்துவ உலகம் மறவாது.

இனி, விலை. வலியை வென்றது அறிவியல். விலையை வெல்ல வேண்டியது அரசியல்.

1948ஆம் ஆண்டை நம் இளைஞர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு இந்தியாவில் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. அதற்கு அடிகோலியது 1944இல் பேராசிரியர் அடார்க்கர் அளித்த அறிக்கை. பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று 1946இல் போர் குழுவும் அறிவுறுத்தியிருந்தது. அதே 1948இல், ஜூலை 5ஆம் நாள், பிரிட்டனில் தேசிய நலவாழ்வுத் திட்டம் தொடங்கிற்று. கண்ணாடி இலவசம், பல் பிடுங்குவதும் இலவசம், பிடுங்கிய இடத்தில் பொருத்தும் செயற்கைப் பல்லும் இலவசம்!

அத்திட்டத்தைச் செய்து முடித்த அமைச்சர் அன்யூரின் பெவன், வேல்சு நாட்டு டிரெடெகர் ஊரின் சுரங்கத் தொழிலாளி மகன். தாமும் பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அவ்வூரில் தொழிலாளர் தம் கூலியில் சில காசுகளைச் சேர்த்துத் தமக்கென மருத்துவச் சங்கம் வைத்திருந்தனர். மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர் எல்லாரும் அச்சங்கத்தில் உண்டு. என் ஊருக்கு உள்ளது நாட்டுக்கே ஏன் கூடாது என்று கேட்டார் பெவன், செய்தும் காட்டினார்.

மூன்றாண்டு செல்வதற்குள் என்ன நேர்ந்தது? கொரியாவில் போர். படைக்குப் பணம் வேண்டும். 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் பாதி விலையை மக்களே தரவேண்டும் என்றார். தொழிலாளர் கட்சியின் ஆட்சியே இதைச் செய்தது! பெவன் பதவியைத் துறந்தார். ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் உடன் விலகினர். பல்லுக்காகப் பதவியா என்று நகைத்தவர்கள் இருந்திருக்கலாம். பெவன் கண்டது பல்லை மட்டுமன்று. கதவிடுக்கில் நுழையும் விரலை. விரல் நுழைந்தபின் கை நுழையாதா?

நுழைந்தது. 1952இல், பழமைக் கட்சி ஆட்சியில், பல் சிகிச்சைக்கு ஒரு பவுன் வரை கட்டணம் வந்தது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் அதே பொதுத் திட்டத்தின்கீழ் பல் பிடுங்கும் சிகிச்சைக்குக் கட்டணம் 75 பவுன் 30 பென்சு ஆயிற்று. சிறுவர்க்கும் கருவுற்ற பெண்டிர்க்கும் மிக வறியோர்க்கும் விலக்குண்டு. ஏனையோர் எண்ணி வைக்க வேண்டும்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1953இல் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்விப் பிரிவு, சென்னை மருத்துவக் கல்லூரியின் ஓர் அங்கமாகத் தொடங்கிற்று. 1955இல் கோவையில் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் கால் வைத்தது. பிரிட்டன் கட்டணம் விதிக்கத் தொடங்கிய காலத்தில் நாம் கதவு திறக்கத் தொடங்கினோம்!

ஆனால், செம்பரம்பாக்கத்துத் தொழிலாளியின் கணக்கை இப்போது பார்ப்போம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, காப்பீட்டுக்காக அவர் சம்பளத்தில் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. முதலாளி செலுத்துவது 487 ரூபாய் 50 காசு. ஆக, மாதம் 600 ரூபாய். இது தருமமா? பிச்சையா? இல்லை. உழைப்பின் பெயரால் முன்னரே கட்டிய பணம். "இலவசம்" என்ற சொல்லைக் கேட்டு அவர் தலைகுனிய வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

கேட்கச் செல்வதற்கு ஒரு நாள் வேண்டுமே! பேருந்தேறி, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் மறுபடியும் பேருந்தேறி, பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். 15,000 ரூபாயை முப்பது நாளுக்கு வகுத்தாலும் அன்றைய கூலி 500 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளியானால் வராத நாளுக்குக் கூலி இல்லை. நோய்க்கால உதவித்தொகை உண்டே என்பீர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்ததைப் படியுங்கள்: நோயின் முதல் இரண்டு நாளுக்கு அத்தொகை இல்லை! பல் பிடுங்க ஆவதோ ஒரே நாள். சட்டம் கை நீட்டுவதற்குள் நோயாளி வேலைக்குத் திரும்பிவிடுகிறார்.

இதுவே மறைந்திருக்கும் கட்டணம். இங்கிலாந்தில் பலகையில் எழுதி வாங்குகிறார்கள். இங்கே கூலியில் கழித்து வாங்குகிறோம். அங்கே ரசீது உண்டு. இங்கே அதுவும் இல்லை!

ஆகவே தொழிலாளி தள்ளிப்போடுகிறார். கிராம்பை வைக்கிறார், வலி மாத்திரை விழுங்குகிறார். அறிவியல் ஒரு நாள் கூலித் தொலைவில் நிற்க, சந்தை மூலையில் துணிக்குள் ஒளித்த புழுவைப் பல்லிலிருந்து எடுத்ததாகக் காட்டும் வித்தைக்காரன் அருகில் நிற்கிறான். மூடநம்பிக்கையைப் பேச்சால் மட்டும் ஒழிக்க முடியாது, தோழர்களே! மருத்துவர் அமரும் நாற்காலியை அருகே கொண்டுவந்தாலன்றி, 1728இல் செத்த புழு இங்கே சாகாது.

தள்ளிப்போட்டதன் முடிவு என்ன? தொடக்கத்தில் அடைத்திருந்தால் பிழைத்திருக்கும் பல், பிடுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. வேர்ச் சிகிச்சை செய்து காப்பதற்குப் பல முறை செல்ல வேண்டும். பல நாள் கூலி போகும். தனியாரிடம் சென்றால் ஆயிரக்கணக்கில் ஆகும். பிடுங்குவதோ ஒரே முறை. எனவே வசதியுள்ளவர் பல்லைக் காத்துக்கொள்கிறார். வசதியற்றவர் பல்லைக் கொடுத்துவிடுகிறார். முப்பது வயதில் கடைவாய்ப்பல் இல்லாத வாய், அறுபது வயது வரை சோற்றை மென்றாக வேண்டும். பல் பிடுங்கியதன் முழு விலை அந்தப் பல்லே!

ஆதலால் நாம் கேட்பது இவை. ஆலைகள் செறிந்த ஊர்தோறும் பொதுச் செலவில் பல் மருத்துவ நிலையம். முறை முடிந்து வருவோருக்காக மாலையிலும் ஞாயிறன்றும் அது திறந்திருத்தல். மருத்துவம் பெறும் நாளுக்குக் கூலி குறையாமை. பிடுங்குவதற்கு மட்டுமின்றிக் காப்பதற்கும் அங்கே கருவியும் நேரமும்.

பெரிய கேள்விகளா இவை? டிரெடெகர் சுரங்கத் தொழிலாளர் தம் காசைச் சேர்த்துச் செய்துகொண்டது இதுவே. நம் தொழிலாளரும் மாதந்தோறும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லைப் பறிகொடுப்பவர் வாய்மூடி இருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும். வாய் திறந்து கேளுங்கள், தோழர்களே. பல் மருத்துவர் முதலில் சொல்வதும் அதுதானே!