அலறலும் அதற்குப் பிறகும்

ஆபி லிங்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நிமிஷச் சொச்ச அலறலில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். 1960-ல் டிரம் கலைஞர் மாக்ஸ் ரோச் பதிவு செய்த 'வீ இன்ஸிஸ்ட்!' இசைத்தட்டில், 'ட்ரிப்டிக்' என்ற பகுதியின் நடுவே வருகிறது அந்த அலறல். அது கலையா பிரச்சாரமா என்று கேட்டுப் பழகிவிட்டார்கள். கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கட்சி. அந்தக் குரல் யாருடையதாக இருந்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

1930-ல் ஷிகாகோவில் பிறந்து, மிஷிகன் மாநிலத்தின் கிராமப்புறத்தில் வளர்ந்த அன்னா மேரி வுல்ட்ரிஜ், பன்னிரண்டு குழந்தைகளில் பத்தாவது. இரவு விடுதிகளில் பாட ஆரம்பித்தபோது காபி லீ ஆனார். 1956-ல் அவருடைய மேனேஜரும் பாடலாசிரியருமான பாப் ரஸ்ஸல் 'ஆபி லிங்கன்' என்று பெயர் சூட்டினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் பாதி, ஆபிரகாம் லிங்கனில் பாதி. அதே வருஷம் 'தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' படத்தில் ஒரு பாட்டுக்கு வந்து போனார். அதில் அவர் உடுத்தியிருந்த சிவப்பு கவுன், 1953-ல் மெரிலின் மன்றோ ஒரு படத்துக்காக அணிந்தது. 1957-ல் 'எபனி' பத்திரிகையின் அட்டையிலும் அதே கவுனில்தான் தோன்றினார். பெயர் ஒருவர் கொடுத்தது, உடை வேறொருத்தியுடையது. அந்த கவுனைப் பின்னர் எரியும் அடுப்பில் போட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

1957-ல் ரிவர்சைட் கம்பெனிக்காக 'தட்ஸ் ஹிம்!' பதிவானபோது, ஸானி ராலின்ஸும் மாக்ஸ் ரோச்சும் அவருடன் வாசித்தார்கள். பாடகிக்குப் பின்னணியாக அல்ல, அவரையும் ஒரு வாத்தியக்காரராகப் பாவித்து. ஆபியின் குரல் பெரிய வீச்சு கொண்டதல்ல. ஸ்ருதியின் விளிம்பில் நின்று சொல்லை அழுத்தும் குரல். பில்லி ஹாலிடேயிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது பாணியை அல்ல, சொல்லுக்குப் பொறுப்பேற்கும் குணத்தை என்று தோன்றுகிறது.

1960 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில், நான்கு கறுப்பு மாணவர்கள் வெள்ளையர்களுக்கு மட்டுமான சாப்பாட்டு கவுண்டரில் போய் உட்கார்ந்தார்கள். 'வீ இன்ஸிஸ்ட்!' அட்டைப்படம் அந்தக் காட்சியை மறுபடி ஏற்பாடு செய்து எடுத்ததுதான். உள்ளே 'ட்ரிப்டிக்'கில் வார்த்தையே இல்லை. ரோச்சின் டிரம், ஆபியின் குரல், இரண்டு மட்டும். பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என்று மூன்று பாகங்கள். முதல் பாகத்தின் முனகல் இல்லாமல் நடுவிலுள்ள அலறலைக் கேட்டால் வெறும் சத்தம். மூன்றாவது பாகத்தின் களைத்த மூச்சு இல்லாமல் கேட்டால் வெறும் கோபம். மூன்றும் சேர்ந்துதான் ஒரு அமைப்பு. பிரச்சாரத்துக்கு இந்தக் களைப்பு தேவைப்படாது. அது கோஷத்தோடு நின்றுவிடும்.

1961-ல் ஆபியின் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' வெளிவந்தது. கோல்மன் ஹாக்கின்ஸ், எரிக் டால்ஃபி, புக்கர் லிட்டில் வாசித்த தட்டு. 'டவுன் பீட்' பத்திரிகையில் மதிப்புரை எழுதிய ஐரா கிட்லர், நீக்ரோவாக இருப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர் என்ற அர்த்தத்தில் அவரைச் சாடினார். 1962 மார்ச்சில் அதே பத்திரிகை கிட்லரையும் ஆபியையும் ரோச்சையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, அந்த விவாதத்தை இரண்டு இதழ்களில் அச்சிட்டது. விமர்சகரின் நிலைப்பாட்டில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மன்றோவின் கவுனை மாட்டிக்கொண்டு காதல் பாட்டுப் பாடியபோது ஆபி எதையோ விற்றுக்கொண்டிருந்தார். அதை யாரும் பிரச்சாரம் என்று சொல்லவில்லை. தன் ஜனங்களின் அனுபவம் பாட்டில் புகுந்ததும் கலையின் தூய்மை ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆனால் ஆபியைக் கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு முழுச் சம்மதமில்லை. அலறுவது ரோச்சின் யோசனை, தானாகத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய வழி அதுவல்ல என்று ஆபி பிற்காலத்தில் சொன்னார். தட்டும் ரோச்சின் பெயரில்தான் வந்தது. 1962-ல் அவரை மணந்தார் ஆபி, 1970-ல் பிரிந்தார்கள். இடையில், 1966-ல், 'நீக்ரோ டைஜஸ்ட்' பத்திரிகையில் கறுப்புப் பெண்ணை மதிக்கப்போவது யார் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன் கோபம் வெள்ளையரை நோக்கி மட்டும் இருக்கவில்லை.

1961-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவர் பெயரில் புதிய தட்டு எதுவும் பதிவாகவில்லை. சினிமாதான் இடம் கொடுத்தது. 1964-ல் மைக்கேல் ரோமரின் 'நத்திங் பட் எ மேன்'. அலபாமாவின் ரயில்வே தொழிலாளி ஒருவனை மணக்கும் பள்ளி ஆசிரியை ஜோஸியாக ஆபி. குரலை உயர்த்தாமல், புருஷன் அவமானப்பட்டு வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகம், அலறலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அடுத்து 1968-ல் 'ஃபார் லவ் ஆஃப் ஐவி'. ஸிட்னி பாய்ட்டியருக்கு ஜோடி. ஆனால் வீட்டு வேலைக்காரி. கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. அதன் பிறகு ஹாலிவுட்டுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

1970-களில் மிரியம் மகேபாவுடன் ஆப்பிரிக்கா சென்றபோது கினியாவில் அமினாட்டா என்றும் ஸயரில் மொஸேகா என்றும் பெயர்கள் கிடைத்தன. மீண்டும் பிறர் கொடுத்த பெயர்கள். ஆனால் இவற்றை அவர் விரும்பி ஏற்றுக்கொண்டார். இக்காலத்தில்தான் பாட்டு எழுதுவது அவருடைய முக்கியக் காரியமாயிற்று. வெர்வ் கம்பெனிக்காக 1990-லிருந்து வெளிவந்த தட்டுகளில், அறுபது வயதுப் பெண் தன் வரிகளைத் தானே மெட்டமைத்துப் பாடுகிறார். 1991-ன் 'யூ காட்டா பே தி பேண்ட்' தட்டில் ஸாக்ஸஃபோன் வாசித்த ஸ்டான் கெட்ஸ் அதே வருஷம் ஜூனில் இறந்துபோனார். அதிலுள்ள 'பேர்ட் அலோன்' பாட்டில் ஆபி எதையும் வற்புறுத்துவதில்லை. சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

2003-ல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் கௌரவம் கிடைத்தது. 2007-ல் பெரும்பாலும் தன் பாடல்களையே திரும்பப் பாடி 'ஆபி ஸிங்ஸ் ஆபி' என்று வெளியிட்டார். 2010 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க்கில் காலமானார். அந்தக் கடைசித் தட்டின் தலைப்பில் இருக்கும் பெயர், 1956-ல் ஒரு மேனேஜர் சூட்டிய அதே பெயர்தான். அதைச் சொந்தமாக்கிக்கொள்ள அவருக்கு ஐம்பது வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. அலறலை மட்டும் கேட்டவர்கள் இந்தத் தட்டையும் கேட்க வேண்டும்.