காலம் காக்க மறுத்தவர்: மாக்ஸ் ரோச்சின் பிற்காலம்

ஜாஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாக்ஸ் ரோச்சை (1924–2007) 1940களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சார்லி பார்க்கரோடு டிரம் வாசித்து பீபாப்பை உருவாக்கியவர், அவ்வளவுதான். அரசியல் பேசுகிற நாம் மட்டும் என்ன? 1960இல் நிறுத்துகிறோம். 'வி இன்சிஸ்ட்!' இசைத்தட்டு, அதன் அட்டையில் உணவுவிடுதி மறியல், உள்ளே ஆபி லிங்கனின் அலறல். அதற்கப்புறமான நாற்பத்தேழு வருஷம் அடிக்குறிப்பாகிவிடுகிறது. எனக்கு இதோடு தகராறு உண்டு.

அமெரிக்காவில் முரசுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே கிளர்ந்தெழுந்த அடிமைகள் முரசறைந்துகொண்டு நடந்தார்கள். 1740இல் வந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருக்கத் தடைபோட்டது. பின்னாளில் ஜாஸ் குழுவில் டிரம்முக்கு இடம் கிடைத்தபோது தரப்பட்ட வேலை, மற்றவர்களுக்காகக் காலத்தைக் காப்பது. காவல்காரன் உத்தியோகம்னு சொல்லலாம்.

ரோச் அந்த உத்தியோகத்தை வயதாக ஆக இன்னும் தீவிரமாக மறுத்தார். 1970இல் தாளக் கலைஞர்கள் மட்டுமே கொண்ட 'ம்பூம்' குழு. 1979 டிசம்பரில், 55 வயதில், கொலம்பியா பல்கலைக்கழக அரங்கில் செசில் டெய்லரோடு ஒரு கச்சேரி. டெய்லரின் பியானோவில் எண்ணிப் பிடிக்கத் தாளக்கட்டே கிடையாது. ரோச் அதைப் பின்தொடரவுமில்லை, அடக்கவுமில்லை. சரிக்குச் சரியாக உரையாடினார். 1983இல் நியூயார்க்கின் 'த கிச்சன்' அரங்கில் ஃபேப் ஃபைவ் ஃபிரெடியோடு சேர்ந்தார். ஹிப்-ஹாப் இசையே இல்லைன்னு மூத்தவர்கள் பலர் ஒதுக்கிய காலம் அது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் கையில் கிடைத்ததைக் கொண்டு உண்டாக்கியது என்பதால், ரோச் அதை பீபாப்பின் உறவாகப் பார்த்தார்.

மரபை அவர் உதறவுமில்லை. முன்னோடி ஜோ ஜோன்ஸுக்கு வணக்கமாக, ஒரே ஒரு ஹை-ஹாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு உருப்படியை வாசிப்பார்.

பேராசிரியர் பதவி, 1988இல் மக்ஆர்தர் நல்கை. நிறுவனம் அவரைச் செரித்துவிட்டதே என்று தோழர்கள் கேட்கலாம். செரிக்க முடிந்தது பழைய ரோச்சைத்தான். 'பெய்ஜிங் ட்ரியோ' 1999இல் வெளிவந்தது. அதில் அவர் சீன எர்ஹூவோடு வாசிக்கிறார்.

1961 மே மாதம் கார்னகி அரங்கில் மைல்ஸ் டேவிஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்க விடுதலைக்கான பதாகையோடு மேடையிலேயே உட்கார்ந்தவர் ரோச். பதாகையில் தெரிகிற எதிர்ப்பை நாம் கொண்டாடுகிறோம். பிற்கால வாசிப்பை மட்டும் வயதான மேதையின் விளையாட்டு என்று ஒதுக்குகிறோம். தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார மறுப்பது என்கிற ஒரே காரியத்தைத்தான் இரண்டிலும் அவர் செய்தார்.