அழுகையும் ஆரவாரமும் பிரியாத நாள்: இரண்டாம் ஆலயத்தின் தொடக்கமும் கிறிஸ்தவ எதிர்நோக்கும்

1. சிக்கல்

திருச்சபைகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு கதைப்போக்கு நன்கு பழகியிருக்கும். ஓலைக் கொட்டகையில் பத்துக் குடும்பங்களோடு தொடங்கிய சபை இன்று கோபுரத்தோடு நிற்கிறது. அன்றைய எளிமை இன்றைய உயர்வுக்குப் படிக்கல் ஆயிற்று. இந்தக் கதைக்குத் துணையாகச் சகரியா 4:10 தவறாமல் வரும். இதிலுள்ள நன்றியுணர்வு மெய்யானது. ஆனால் கோபுரம் எழாத சபைகளும் நம்மிடையே உண்டு. மக்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனதால் கொட்டகையே இற்று விழுந்த சபைகள் உண்டு. பிளவிலும் வழக்கிலும் பிறந்தவையும் உண்டு. பின்னால் வந்த வளர்ச்சிதான் தொடக்கத்துக்குப் பொருள் தருகிறது என்றால், இவர்களுடைய தொடக்கத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

சகரியாவின் அந்த வசனத்தையே சற்று நின்று பார்க்கலாம். எபிரேய மூலம் 'சிறியவற்றின் நாள்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'ஆரம்பம்' என்ற சொல்லைச் சேர்க்கிறது. முந்திய வசனம் அஸ்திபாரத்தைப் பற்றிப் பேசுவதால் அது தவறான தேர்வாகாது. எனினும் ஆரம்பம் என்று கேட்டதும் நம் காது வளர்ச்சியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. மூலத்திலுள்ள சொல் நம்மை அந்த நாளின் சிறுமையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது.

இக்கட்டுரையின் வாதம் இது: எஸ்றா, ஆகாய் நூல்கள் காட்டும் எதிர்நோக்கு, ஏமாற்றம் தந்த தொடக்கத்தைப் பின்விளைவைக் கொண்டு நியாயப்படுத்துவதில்லை. எந்த நினைவைக் கொண்டு அந்தத் தொடக்கத்தை அளப்பது என்பதை அது மாற்றுகிறது. 'எதிர்நோக்கு' என்ற சொல்லை அறிந்தே ஆள்கிறேன். சீர்திருத்தச் சபைகளில் 'விசுவாசம், நம்பிக்கை' என்று சொல்வதைக் கத்தோலிக்க மரபு 'நம்பிக்கை, எதிர்நோக்கு' என்று சொல்கிறது. 'நம்பிக்கை' ஒரு மரபில் ஒரு பொருளையும் மற்ற மரபில் வேறு பொருளையும் தருவதால் 'எதிர்நோக்கு' தெளிவானது. கண் எதை நோக்கியிருக்கிறது என்ற கேள்வியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

2. ஒரே ஆலயம், மூன்று தொடக்கங்கள்

கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். கி.மு. 538-ல் பாரசீக அரசன் கோரேசின் கட்டளையால் சிறையிருப்பிலிருந்து திரும்பும் வழி பிறந்தது. அதன்பின் ஆலய அஸ்திபாரத்தைப் போட்டவர் யார்? எஸ்றா 3-ஆம் அதிகாரம், திரும்பி வந்த இரண்டாம் ஆண்டின் இரண்டாம் மாதத்தில் செருபாபேலும் ஆசாரியனான யெசுவாவும் வேலையைத் தொடங்கினார்கள் என்கிறது. அதே நூலின் 5-ஆம் அதிகாரத்தில், அதிகாரிகளின் கேள்விக்கு யூத மூப்பர்கள் சொன்ன பதிலில் சேஸ்பாத்சார் அஸ்திபாரம் போட்டதாக வருகிறது. ஆகாய் நூலோ கி.மு. 520-ல், தரியு அரசனின் இரண்டாம் ஆண்டில், ஆலயம் பாழாய்க் கிடப்பதாகவே தொடங்குகிறது; அவ்வாண்டின் ஒன்பதாம் மாதத்தை அஸ்திபார நாளோடு இணைத்துப் பேசுகிறது.

சேஸ்பாத்சாரும் செருபாபேலும் ஒருவரே என்று கொண்டும், அஸ்திபாரச் சடங்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்தது என்று கொண்டும் இந்த முரண்பாட்டைத் தீர்க்க ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. இந்த நூல்களைத் தொகுத்தவர்கள் மூன்று செய்திகளையும் அப்படியே விட்டுவைத்தார்கள். தொட்டுவிட்டு நிறுத்திய வேலை, அண்டை மக்களின் எதிர்ப்பு, அரசனுக்குப் போன புகார் மனு, தங்கள் வீடுகளுக்கு மச்சுப் பலகை அடித்துக்கொண்டு ஆலயத்தை மறந்த மக்கள் எல்லாமே பதிவில் இருக்கின்றன. தொடக்கத்தைத் துலக்கிக் காட்டும் ஆசை தொகுத்தவர்களுக்கு இருந்திருந்தால் இவற்றில் பாதி நமக்குக் கிடைத்திராது.

3. லேவியர் கையில் கைத்தாளம், கண்ணில் நீர்

அஸ்திபாரம் போட்ட நாளைப் பற்றிய வருணனை (எஸ்றா 3:10-13) குறுகியது, ஆனால் நுட்பமானது. ஆசாரியர்கள் உடுப்பணிந்து பூரிகைகளோடு நிற்கிறார்கள். லேவியர்கள் கைத்தாளம் தட்டுகிறார்கள். துதி எழுகிறது, மக்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அப்போது முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியோர் உரத்த சத்தமாய் அழுகிறார்கள். ஆரவாரம் எது, அழுகை எது என்று பிரித்தறிய முடியாதபடி அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்டது.

முதியோரின் ஒப்பீட்டை நன்றிகெட்ட ஏக்கம் என்று கடிந்துகொள்ளும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். வாசகம் அதற்கு இடந்தரவில்லை. முதலாவது, ஒப்பீட்டைத் தூண்டுவது அந்த நிகழ்ச்சியின் அமைப்பே. சாலொமோன் வேலையைத் தொடங்கியதும் இரண்டாம் மாதத்தில்தான். அவன் செய்தது போலவே இங்கும் தீரு, சீதோன் மக்களைக் கொண்டு லீபனோன் கேதுரு மரம் கடல்வழியாய் யோப்பாவுக்கு வருகிறது. பழைய ஆலயத்தின் நிழல் ஒவ்வோர் அடியிலும் விழும்படி செய்துவிட்டு, அந்த நிழலைக் கண்டு அழுதவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. இளையோர் மகிழ்ந்தார்கள், முதியோர் அழுதார்கள் என்று கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஆனால் அழுதவர்களின் பட்டியலில் முதலில் வருகிறவர்கள் ஆசாரியரும் லேவியரும். சற்று முன் பூரிகை ஊதிக் கைத்தாளம் தட்டிய அதே வகுப்பார். துதியை நடத்தியவர்களின் வரிசைக்குள்ளிருந்தே அழுகை எழுகிறது. எஸ்றா நூல் இரண்டு ஒலிகளையும் இரண்டு அணிகளுக்குப் பங்கிட்டுத் தரவில்லை. ஒன்று மற்றதை வென்றதாகவும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்த ஒரே சத்தமே தொலைவில் இருந்தவர்களுக்கு எட்டுகிறது. ஏமாற்றத்தை அடக்கிவிட்டுத்தான் துதிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தக் காட்சியே மறுப்பு.

4. ஆகாய் மாற்றிய அளவுகோல்

கி.மு. 520-ல் ஆகாய் பேசிய இரண்டாம் பேச்சின் நாள் ஏழாம் மாதம் 21-ஆம் தேதி. கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள். சாலொமோன் தன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ததும் ஏழாம் மாதப் பண்டிகையில்தான். ஆக அந்த நாளில் பொன்னின் நினைவு தானாகவே வந்திருக்கும். ஆலயம் இடிந்து அப்போது 66 ஆண்டுகள். அதைக் கண்ணால் கண்டவர்களில் எஞ்சியவர்கள் எழுபதைக் கடந்த சிலரே. ஆகாய் அவர்களையே முதலில் அழைக்கிறார். முந்தின மகிமையைக் கண்டவர் யார், இப்போது இது எப்படித் தெரிகிறது, ஒன்றுமில்லாதது போல் இல்லையா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். மக்கள் வாய்திறந்து சொல்லத் தயங்கியதைத் தீர்க்கதரிசியே சொல்லிவிடுகிறார். ஏமாற்றத்தை ஒளித்துவைக்கும் பொறுப்பு அத்தோடு அவர்கள் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது.

பிறகு செருபாபேல், யோசுவா (எஸ்றா நூல் சொல்லும் யெசுவா), தேசத்து மக்கள் என்று மூவரையும் தனித்தனியே திடன்கொள்ளச் சொல்லி, வேலை செய்யச் சொல்கிறார். காரணமாகக் கர்த்தர் உடனிருப்பதைச் சொல்கிறார். அந்த உடனிருப்புக்கு அவர் காட்டும் சான்று சாலொமோன் காலத்ததன்று. எகிப்திலிருந்து புறப்பட்டபோது செய்த உடன்படிக்கை. கூடாரப் பண்டிகைக்குள் இரண்டு நினைவுகள் இருந்தன: ஒன்று சாலொமோனின் பிரதிஷ்டை, மற்றது வனாந்தரத்தில் குடிசைகளில் தங்கிய காலம். குழைகளை வெட்டிக் குடிசை போட்டு ஏழு நாள் அதற்குள் இருந்த மக்களிடம் ஆகாய் இரண்டாவது நினைவை எடுத்து நீட்டுகிறார். ஆலயமே இல்லாத காலத்திலும் கர்த்தர் உடனிருந்தார் என்றால், சிறிய ஆலயம் அவர் விலகிப்போனதற்கு அடையாளமாகாது. சாலொமோனின் பொன்னை வைத்து அளந்தால் இது குறை. குடிசையை வைத்து அளந்தால் இது கொடை.

5. நிறைவேறாத மீதி

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஆகாய் 2:9-லேயே இருக்கிறது. பிந்தின மகிமை முந்தினதைவிடப் பெரிதாயிருக்கும் என்று வாக்குரைத்தவரும் இதே தீர்க்கதரிசிதான். ஆக, கொட்டகையிலிருந்து கோபுரத்துக்கு என்ற வாசிப்புக்கு அவரே ஆதரவு என்று வாதிடலாம்.

அந்த வாக்கு கண்ணெதிரே நிறைவேறியதா என்று அறிய, கி.மு. 515-ல் நடந்த பிரதிஷ்டையைப் பார்ப்போம். சாலொமோன் 22,000 மாடுகளையும் 1,20,000 ஆடுகளையும் பலியிட்டதாக 1 இராஜாக்கள் 8 சொல்கிறது. எஸ்றா 6-ல் 100 காளைகள், 200 ஆட்டுக்கடாக்கள், 400 ஆட்டுக்குட்டிகள். அன்று மேகம் ஆலயத்தை நிரப்பியதால் ஆசாரியர் நின்று ஊழியம் செய்ய முடியவில்லை. இங்கே மேகம் வந்ததாக ஒரு சொல்லும் இல்லை. உடன்படிக்கைப் பெட்டியும் இல்லை. கி.மு. 63-ல் ரோமத் தளபதி பொம்பேயு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தபோது அது வெறுமையாய் இருந்தது.

ஆனால் அதே பிரதிஷ்டைப் பட்டியலின் கடைசியில் ஓர் எண் இருக்கிறது: பாவநிவாரணத்துக்காக 12 வெள்ளாட்டுக்கடாக்கள், இஸ்ரவேலின் கோத்திரங்களின் தொகைப்படி. வடநாட்டுக் கோத்திரங்கள் அசீரியரால் சிதறடிக்கப்பட்டு ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் யூதாவும் பென்யமீனும் லேவியரும்தான். வராதவர்களுக்கும் சேர்த்து எண்ணிப் பலியிட்டார்கள். மற்ற எண்களெல்லாம் அந்தச் சமூகத்தின் வசதியைச் சொல்கின்றன. எதிர்நோக்கைச் சொல்வது இந்தப் பன்னிரண்டு.

இன்னொரு வெறுமையும் உண்டு. செருபாபேல் தாவீதின் வழிவந்தவன், யோயாக்கீன் அரசனின் பேரன். பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் யோயாக்கீனுக்கும் அவன் புதல்வர் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. அரியணையில் இருந்தவன் படி பெறுவோர் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டான். கையிலுள்ள முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன் என்று அவனைக் குறித்து எரேமியா 22 அறிவித்தது. ஆகாய் நூலின் கடைசி வசனம் அந்தச் சாபத்தையே திருப்பிப் போட்டு, பேரனை முத்திரை மோதிரமாக்குகிறது. அத்தனை பெரிய வாக்கு. ஆனால் பிரதிஷ்டை நாளில் செருபாபேலின் பெயரே இல்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று வேதாகமம் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

6. மத்தேயுவின் ஒன்பது பெயர்கள்

மத்தேயு நற்செய்தி தன் முதல் அதிகாரத்தில் இந்த அறுந்த இழையை எடுத்துக்கொள்கிறது. எகொனியா (யோயாக்கீனின் மற்றொரு பெயர்), சலாத்தியேல், செருபாபேல் என்று வந்தபின் அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு என ஒன்பது பேர், அதன்பின் யோசேப்பு. இந்த ஒன்பது பேரைப் பற்றி எபிரேய வேதத்தில் ஒரு கதையும் இல்லை. அரசர்களும் இல்லை, போர்களும் இல்லை. செருபாபேலுக்கு உரைத்த வாக்கு ஊர்பேர் தெரியாத வீடுகள் வழியே சுமார் ஐந்து நூற்றாண்டுகள் நடந்து ஒரு தச்சனின் வீட்டுக்கு வந்ததாக மத்தேயு அறிக்கையிடுகிறார். அதே அதிகாரத்தில் அவர் பிள்ளைக்குத் தரும் பெயர் இம்மானுவேல். தேவன் நம்மோடிருக்கிறார் என்ற அந்தப் பொருள், ஆகாய் கூடாரப் பண்டிகையில் சொன்ன காரணமேதான்.

இதை யூத ஆலயத்தைத் தாழ்த்தும் வாதமாக்கக் கூடாது. அழுகையோடு தொடங்கிய அந்த ஆலயம், ஏரோதின் புதுப்பிப்பு உட்பட, கி.பி. 70 வரை, சாலொமோனின் ஆலயத்தைவிட நீண்ட காலம் வழிபாட்டின் மையமாய் நின்றது. கிறிஸ்தவர்கள் அதன் மகிமையைப் பறிக்க வேண்டியதில்லை. அந்த மக்கள் ஏமாற்றத்தின் நடுவே கற்றுக்கொண்ட எதிர்நோக்கை அவர்களிடமிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

7. தரங்கம்பாடியில் ஒரு கல்லறை

தமிழ் மண்ணில் இந்த வாசிப்பைச் சோதித்துப் பார்க்க ஓரிடம் உண்டு. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி பர்த்தலோமேயு சீகன்பால்கை டேனிஷ் ஆளுநர் வரவேற்கவில்லை; பின்னர் நான்கு மாதம் சிறையிலும் வைத்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியோடு புறப்பட்ட அச்சர் வழியிலேயே இறந்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாய் இருந்ததால் காகிதம் போதவில்லை. சிறிய எழுத்துகளைப் பொறையாற்றில் வார்க்க வேண்டியதாயிற்று. 1714-லும் 1715-லும் இரு பகுதிகளாய் அச்சான புதிய ஏற்பாட்டில் அந்த நெருக்கடியின் தடம் இருக்கிறது: முற்பகுதியின் எழுத்து பெரிது, பிற்பகுதியின் எழுத்து சிறிது. 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. 1719 பிப்ரவரியில் சீகன்பால்க் 36 வயதில் இறந்து, அதே ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார்.

பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றுபோயிற்று. பிறகு வந்த பெஞ்சமின் சூல்ட்சே 1720-களில் அதை முடித்தார் என்று சொல்லிக் கதையை நிமிர்த்திவிடலாம். ஆனால் தரங்கம்பாடித் தமிழை வீரமாமுனிவர் கடுமையாகக் கண்டித்தார். அரை நூற்றாண்டுக்குப்பின் யோகான் பிலிப் பப்ரிசியுஸ் மீண்டும் புதிதாக மொழிபெயர்த்தார். நிறைவு என்று நாம் சொல்வதும் இன்னொருவருக்குத் தொடக்கமாகவே இருக்கிறது. ஆகவே சீகன்பால்கின் உழைப்புக்குப் பொருளைப் பின்விளைவில் மட்டும் தேட வேண்டாம். அவர் கை நின்ற இடத்தைப் பார்ப்போம். ரூத் நூலின் முதல் அதிகாரத்தில், நிறைவாய்ப் போய் வெறுமையாய்த் திரும்பினேன் என்று நகோமி ஊர்ப் பெண்களிடம் சொல்கிறாள். மோவாபிய மருமகள் அருகில் நிற்கிறாள். நகோமியின் கணக்கில் அந்த மருமகள் சேரவில்லை. மத்தேயுவின் பட்டியலில் ரூத்தின் பெயர் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அஸ்திபார நாளில் அழுதவர்கள் யார், எதற்காக அழுதார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். வராமல் போனவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். கோபுரம் எழுந்த சபையும் எழாத சபையும் அந்தப் பக்கத்தை ஒரே நெஞ்சோடு வாசிக்க முடியும்.