மாலியின் இசைக் கலைஞர் கோட்டோவியங்கள்

மாலி (டி. ஆர். மகாலிங்கம்) ஆனந்த விகடன் இதழின் ஓவியர். 1930களில் கர்நாடக இசைக் கலைஞர்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்தவர். புல்லாங்குழல் மாலியின் பெயரும் டி. ஆர். மகாலிங்கம்தான், பாடகரும் நடிகருமான மற்றொருவரின் பெயரும் அதுவே. மூவரையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டே அடங்கும். விரிவான ராக ஆலாபனைக்கு அதில் இடமில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) போன்ற பெரும் வித்வானின் குரலோ இசைத்தட்டில் பதிவாகவே இல்லை. ஸ்டூடியோ புகைப்படத்தில் வித்வான்கள் தலைப்பாகையோ அங்கவஸ்திரமோ அணிந்து, அசையாமல் வாய் மூடி அமர்ந்திருப்பார்கள். பாடும்போது கோணும் வாய், தாளம் போடும் கை, பக்கவாத்தியக்காரரை நோக்கித் திரும்பும் பார்வை ஆகியவை அவற்றில் கிடைக்கா. அந்த இடத்தைக் கோட்டோவியம் நிரப்பியது. உருவத்தை மிகைப்படுத்தினாலும், கச்சேரி மேடையின் அசைவை அது காட்டியது. இசை வரலாற்றை எழுதுவோர் இப்படங்களை வெறும் வேடிக்கையாக ஒதுக்குவது சரியன்று.

அப்போது விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியும் வந்துகொண்டிருந்தது. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டிருந்தது. சபாவுக்கு வர இயலாத உத்திரமேரூர் போன்ற ஊர்களின் வாசகர்களுக்கும் எழுத்தும் படமும் சேர்ந்து கச்சேரியைக் கொண்டு சேர்த்தன.

இவ்வகைப் படங்கள் கோடுகளாகவே அமைந்ததற்கு அச்சுமுறையும் காரணம். பென்சிலின் சாம்பல் நிழல்கள் கோட்டு பிளாக்கில் பதியா. அதனால் பென்சிலில் போட்ட வடிவத்தின்மேல் கறுப்பு மையால் கோடு இழுத்து, பென்சில் தடத்தை அழித்துவிடுவது வழக்கம். முதலில் கை ஓடிய தடம் அதோடு போய்விடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் ஜாஸ் கலைஞர்களை மைக்கோடுகளில் வரைந்தார். அவை இசைத்தட்டு உறைகளிலேயே இடம்பெற்றன. இங்கு வார இதழே அந்த உறையாக இருந்தது.

எஸ். ராஜம் (1919–2010) சென்ற வழி வேறு. அவரே பாடகர். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் புகைப்படம் இங்கு பரவுமுன் மறைந்தவர்கள். ராஜம் வரைந்த உருவங்களே இன்று பலர் மனத்தில் அவர்களுடைய முகங்கள்.

மாலியிடம் பயிற்சி பெற்ற கோபுலு, கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு விகடனில் படம் வரைந்தார். 1968இல் அது திரைப்படமாக வருமுன்பே நாதசுரக் கலைஞர் சண்முகசுந்தரத்தின் முகம் வாசகர்களுக்குப் பழகியிருந்தது.