கையில் இருந்த செருப்பு

"மாமா, நாலு சோடி செருப்புப் படம் அனுப்பிருக்கேன். எது நல்லாருக்கும்னு பாத்துச் சொல்லுங்க."

சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போனில் கேட்டது இது. அறைகளைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கும் பிரிவில் ஏழு வருசமாக இருக்கிறான். இப்போது மேற்பார்வையாளர். வந்து தங்குகிறவர்கள் அறைக்குள் போட்டுக்கொள்ள வெள்ளைச் செருப்பு வைப்பார்களாம். அதை மாற்றப் போகிறார்கள். மாதிரிக்கு நாலு வந்திருக்கிறது. எதை வாங்கலாம் என்று அவனையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. பந்தல்குடிக்காரனிடம், அதிலும் எங்கள் தெருக்காரனிடம், எந்தச் செருப்பு நல்லது என்று ஒருத்தர் கேட்பது சின்ன விசயம் கிடையாது. செருப்புத் தைத்த வம்சம் நாங்கள். செருப்புப் போடக் கூடாத வம்சமும் நாங்கள்தான். இந்த இரண்டையும் ஒரே சனத்தின் தலையில் எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பேசாமல் அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகிற ரோட்டில் இருக்கிறது. மேலே கரிசல், தோண்டினால் சுண்ணாம்புக்கல். இன்றைக்கு அந்தக் கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. தாத்தா காலத்தில் சுட்ட சுண்ணாம்பு எங்கள் வீட்டு மொடாவுக்கு வந்தது, தோலில் மயிர் கழிக்க. ஊரில் மாடு செத்தால் ஆள் வரும். தூக்கி வந்து, உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் கிடக்கப்போட்டால்தான் தோல் பதமாகும். ஆவாரஞ்செடிக்குக் குறைச்சல் இல்லாத மண் இது. அந்தத் தோலில்தான் சம்சாரியின் கமலைக்கு வால், மாட்டுக்கு வார், சாட்டை, கடைசியாகச் செருப்பு. எங்கள் கை படாத தோல் இல்லாமல் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறாது. மின்சார மோட்டார் வருகிற வரைக்கும் இந்த வானம் பார்த்த பூமியின் தோட்ட வெள்ளாமை எங்கள் தோலில்தான் நடந்தது. கூலி காசாக வராது. களத்துமேட்டில் கடைசி ஆளாக நின்று, அள்ளிப் போடுகிற கம்பையும் சோளத்தையும் வாங்கி வர வேண்டும்.

தாத்தா செருப்புக்கு அளவெடுத்த விதத்தை அய்யா சொல்லக் கேட்டிருக்கிறேன். காலைத் தொட்டு அளக்கக் கூடாது. முதலாளி புழுதியில் நாலு எட்டு நடந்துவிட்டுப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். பதிந்த தடத்தில் தாத்தா ஈர்க்குச்சி வைத்து நீளம் ஒன்று, அகலம் ஒன்று என்று ஒடித்து மடியில் செருகிக்கொள்வார். மறுவாரம் செருப்பு தயாராக இருக்கும். "ஒரு தடவகூடக் கடிச்சதுன்னு திரும்பி வந்ததில்லடா" என்று தாத்தா சொல்வாராம். காலைத் தொட்டால் தீட்டு. அந்தக் கை தைத்த செருப்பை நாள் முழுக்கக் காலில் போட்டுக்கொண்டு நடந்தால் தீட்டு இல்லை! தீட்டின் கணக்கு இப்படித்தான். அவனுக்கு வேண்டிய இடத்தில் அது தானாக விலகிக்கொள்ளும்.

மிச்சத் தோலில் தாத்தா தனக்கும் ஒரு சோடி தைத்துக்கொண்டார். காட்டுக்குப் போகும்போது போடுவார். கம்மாக்கரை தாண்டி ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தெருவைக் கடந்ததும் மறுபடி காலுக்கு வரும். உடை முள்ளும் நெருஞ்சி முள்ளும் கிடக்கிற காட்டில் அது செருப்பு. பெருக்கிச் சாணி தெளித்த தெருவில் அது கைச்சுமை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நம் சனங்கள் இதே மாதிரிதான் நடந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால், "அந்தக் காலத்துப் பழக்கம், யாரும் கட்டாயப்படுத்தியது இல்லை" என்று சொல்ல ஆள் இருக்கிறது. பழக்கமா? எழுத்தில் இருப்பதைப் பார்ப்போம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், 1946இல் வெளிவந்த இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. எட்டாவது: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

இதற்குப் பணியாதவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியங்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அதோடு நிற்கவில்லை. 1931 ஜூனில் பதினொரு தடைகளாக அது வளர்ந்தது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கே மலிவாக விற்றுவிட வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. செருப்பில் தொடங்கியது நிலத்தில் போய் முடிந்ததைக் கவனிக்க வேண்டும்.

பந்தல்குடியும் அன்றைக்கு இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985இல்தான் விருதுநகர் தனி மாவட்டம் ஆனது. எங்கள் ஊருக்கு இந்தப் பட்டியலை யாரும் எழுதி அனுப்பியதாக நான் சொல்ல வரவில்லை. எழுதாமலே நடந்தது எங்கள் ஊரில்.

இந்தப் பட்டியலை வெறும் கொடுமைப் பட்டியலாக மட்டும் நாம் வாசித்துவிடக் கூடாது. யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. இலங்கைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கூலியாகப் போய் வந்த சனங்கள் சட்டையும் குடையும் செருப்புமாகக் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஊருக்குள் அப்படியே நடந்தும் போனார்கள். நடந்ததால்தான் தடை வந்தது. ஆக இந்த எட்டுத் தடைகளும் நம் முன்னோர் செய்த எட்டுக் கலகங்களுக்குச் சாட்சி. அதை எழுதி வைத்தவர்கள் அவர்களே.

குடையையும் செருப்பையும் ஏன் ஒரே வரியில் வைத்தார்கள்? ஒன்று வெயிலிலிருந்து தலையைக் காக்கும். மற்றது முள்ளிலிருந்து காலைக் காக்கும். உழைக்கிற உடம்புக்கு உச்சியிலும் உள்ளங்காலிலும் காப்பு இருக்கக் கூடாது என்பதுதான் அந்த வரியின் அர்த்தம்.

அக்கா மகன் சொன்ன ஓட்டல் செருப்பு பற்றி விசாரித்தபோது ஜப்பான் வரை போக வேண்டியதாகிவிட்டது. அங்கே வீட்டிலும் விடுதியிலும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்புக் கொடுப்பார்கள். விருந்தாளிக்குச் செருப்பு வைப்பது அங்கே ஊன்றிய வழக்கம். அதே ஜப்பானில்தான் செத்த மாட்டை உரித்துத் தோல் வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். இன்று புராக்கு மக்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அவர்கள். 1850களில் ஒக்காயாமா பகுதியின் ஆட்சி அவர்களுக்கென்று தனிக் கட்டளை போட்டது. வேலைப்பாடு உள்ள துணி உடுத்தக் கூடாது. மழை நாளில் மரச்செருப்புப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தெரிந்த குடியானவர் எதிரே வந்தால் அதைக் கழற்றிவிட்டு வணங்க வேண்டும். கம்மாக்கரையில் தாத்தா செய்ததும் இதைத்தானே? கடல் கடந்தும் சாதிக்கு ஒரே புத்திதான். 1856இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டு நடந்து போய் அந்தக் கட்டளையை எதிர்த்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் அங்கேயே செத்தார்கள். கட்டளையை நடைமுறைப்படுத்த முடியாமல் போனது. 1922இல் அந்த மக்கள் கியோட்டோவில் தங்களுக்கென்று இயக்கம் கண்டார்கள்.

நம் நாட்டில் ஓட்டலில் தங்குகிற விருந்தாளி யார்? 1917இல் அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். தீண்டப்படாதவர் என்று தெரிந்தால் எந்த விடுதியும் இடம் தராது. பார்சி விடுதி ஒன்றில் பார்சி பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். அன்று முழுக்கத் தங்க இடம் தேடியும் கிடைக்கவில்லை. பட்டம் படித்த காலுக்கே அந்த ஊரில் இடம் இல்லை.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. ஓட்டலுக்குள் போவதைத் தடுப்பது குற்றம், அங்கே பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களையும் மற்றப் பொருள்களையும் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்றது அதன் 4ஆம் பிரிவு. நகை, ஆடை அலங்காரம் பற்றியும் அதில் இருந்தது. செருப்பு என்ற சொல் இல்லை. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதிலும் இல்லை. 2015இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், பொது இடத்தில் செருப்புப் போடுவதைத் தடுப்பதும் செருப்பு மாலை போடுவதும் குற்றம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். 2016 ஜனவரி 26இல் அது நடைமுறைக்கு வந்தது. 1930இல் சாதிக்காரன் எழுதிய ஒரு சொல்லைச் சட்டம் எழுத 85 வருசம் ஆகியிருக்கிறது. செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்த தாத்தா அதற்கு வெகுகாலம் முன்பே செத்துப் போனார்.

இடையில் ஒன்று நடந்தது. ரப்பர் செருப்பு வந்தது. அருப்புக்கோட்டைக் கடைகளில் தொங்கிய ஹவாய் செருப்பை அய்யாவின் தலைமுறை காசு கொடுத்து வாங்கியது. தாத்தாவின் தொழில் அதோடு படுத்துவிட்டது. ஆனால் அய்யா அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கம்மாக்கரையில் நிற்காமல் நடந்தார். கத்தினார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். "நின்னா கழத்தணும்னு தோணிரும். அதான் நிக்கல" என்பார்.

இவ்வளவையும் யோசித்துவிட்டுத்தான் அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"முன்பக்கம் மூடுனது ரெண்டு வந்திருக்குல்ல, அத விடு. திறந்ததப் பாரு. காட்டுல வெறுங்காலோட நடந்து வளந்த கால் முன்பக்கம் விரிஞ்சிருக்கும். மூடுனதுல நுழையாது." இது என் ஊகம் இல்லை. இந்தியாவில் வெறுங்காலோடே நடந்து வளர்ந்தவர்களின் பாதத்தை அளந்து 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் அந்தப் பாதம் அகலமாக இருப்பதாகவே சொல்கிறது.

"அந்த மாதிரிக் காலுங்க இங்க வந்து தங்குமா மாமா?"

"நீ தங்கும்னு நெனச்சு வாங்கு."

அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னேன். வழவழவென்று இருந்தால் குளியலறை ஈரத்தில் வயசானவர்கள் விழுவார்கள். புள்ளி புள்ளியாகப் பிடிப்பு உள்ளதாகப் பார். அட்டை மாதிரி மெலிசாக இருப்பது இரண்டு நடைக்குள் மடங்கிக் காலைத் தடுக்கும். துண்டுத் துணி வைத்ததும் அடியில் கனமான நுரை வைத்ததும் நிற்கும். எல்லோருக்கும் ஒரே அளவு வாங்காதே, இரண்டு அளவாவது கேள்.

ஒருத்தர் போட்டதை அடுத்தவருக்கு வைப்பதில்லை, ஆள் போனதும் குப்பையில்தான் போடுவோம் என்றான். ஈரச் செருப்பில் படை தொற்றும், அது சுத்தம் சம்பந்தப்பட்டது, சரிதான் என்றேன். அந்தப் படைக்குச் சாதி தெரியாது. அதையும் தீட்டையும் ஒன்றாக்கிப் பேச நாம் இடம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக நான் கேட்டேன்: "குளியலறை கழுவுற பிள்ளைகளுக்கு என்ன செருப்பு குடுக்குறாங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "அவங்கவங்க போட்டு வர்றதுதான். ஈரமாகும்னு பாதிப் பேரு வெளியில கழத்தி வச்சிட்டு வெறுங்காலோட கழுவுவாங்க."

ஆசிட் ஊற்றித் தேய்க்கிற தரை. அதில் வெறுங்கால். இந்த வேலைக்கு யாருடைய பிள்ளைகள் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி விரித்து அதன்மேல் வெள்ளைச் செருப்பைக் குனிந்து வைப்பது அவர்களுக்கு வேலை. அவர்களுடைய சொந்தச் செருப்பு கதவுக்கு வெளியே கிடக்கிறது. எந்தக் கம்மாக்கரை இது?

முன்பக்கம் திறந்தது, அடியில் பிடிப்புள்ளது, இரண்டு அளவு என்று அவன் எழுதிக் கொடுத்தான். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தான்: அறை கழுவும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வழுக்காத ரப்பர் காலணி வாங்கித் தர வேண்டும்.

விருந்தாளிச் செருப்புக்கு ஒரு வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. கீழே இருந்த வரிக்கு, "பார்க்கலாம்" என்றார்களாம்.

"என்னடா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"திரும்ப எழுதிக் குடுத்திருக்கேன் மாமா. இந்தத் தடவ பதினெட்டுப் பேரு கையெழுத்தோட."