பாஞ்சோவில் ராக் பாட்டு: ஒரு வரவு செலவுக் கணக்கு

ஷில்லாங் கிளைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் மழைச் சத்தத்துக்கு அடுத்தபடியாக அதிகம் காதில் விழுவது கிடார் சத்தம். லூ மஜா என்ற உள்ளூர்ப் பாடகர் 1972ல் தொடங்கி வருஷா வருஷம் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைக் கொண்டாடிய ஊர் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். எங்கள் கிளை கேஷ் கவுண்டரில் இருக்கும் காஸி இனத்து நண்பர் ஒரு நாள் மதிய சாப்பாட்டு நேரத்தில், டாலி பார்ட்டன் பாடிய லெட் ஸெப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டை போனில் போட்டுக் காட்டி, "எப்படி சார்?" என்றார். மின் கிடார் அலற வேண்டிய பாட்டு கிராமத்துக் கச்சேரி மாதிரி ஒலித்தது. அன்று பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. நான் பி.காம்., சங்கீத நுணுக்கம் கம்மி. ஒரு பாட்டைக் கேட்டால் யார் கணக்கில் பற்று, யார் கணக்கில் வரவு என்றுதான் புத்தி போகிறது. பொறுத்துக் கொள்ளவும்.

முதலில் ஒரு விளக்கம். கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் வெள்ளைக்கார கிராமத்து மக்களிடம் வளர்ந்த பாட்டு வகை என்று பொதுவாகச் சொல்வார்கள். (அது பாதி உண்மைதான், பின்னால் வருகிறேன்.) புளூகிராஸ் அதில் ஒரு கிளை. கென்டக்கிக்காரர் பில் மன்ரோ தன் கோஷ்டிக்கு வைத்த பெயரில் இருந்து வந்த பெயர். பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிடார், பெரிய பாஸ், அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது, மின்சாரம் கிடையாது. மாண்டலின்காரர் தாளத்தின் இடைவெட்டில் 'சக், சக்' என்று தந்தியை அடித்து நிறுத்துவார். டிரம் வேலை அவருடையது. பாஞ்சோவில் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையானது. நம் தம்புரா சுருதி மாதிரி அந்த ஒரே ஸ்வரம் வந்து வந்து போகும். மின் கிடாரில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அதை நீளமாக அழ விடலாம். பாஞ்சோவில் மீட்டியதுமே சத்தம் செத்துவிடும். அதனால் மூன்று விரலால் விடாமல் சரசரவென்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும். ராக் பாட்டு பாஞ்சோவுக்கு வந்தால் அதன் முகமே மாறிப்போவதற்கு இதுதான் காரணம்.

என் லெட்ஜரில் முதல் பதிவு 1954. மன்ரோ 1946ல் பதிவு செய்த 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' மெதுவான மூன்று கால் தாளப் பாட்டு. 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்து ஸன் கம்பெனியில் எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயதுப் பையன் அதை நாலு கால் தாளத்துக்கு மாற்றித் தாறுமாறான வேகத்தில் பாடினான். அது அவனுடைய முதல் இசைத்தட்டின் இரண்டாம் பக்கம். மன்ரோ கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே வருஷம் தன் பாட்டைத் தானே மறுபடி பதிவு செய்தார். பாதிவரை பழைய மெதுநடை, பிறகு எல்விஸ் வேகம். அந்தப் பாட்டுக்காக வந்த காசோலைகள் நல்ல கனமாக இருந்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டாசிரியர் அவர்தானே, ராயல்டி அவருக்குத்தான்.

இந்த ராயல்டி சமாசாரம் புரிந்தால்தான் மீதிக் கதை புரியும். அமெரிக்காவில் 1909ல் ஒரு சட்டம் வந்தது. பியானோ ரோல் விற்ற ஒரு பெரிய கம்பெனி எல்லாப் பாட்டையும் வளைத்துப் போட்டுவிடுமோ என்ற பயத்தில் பிறந்த சட்டம். ஒரு பாட்டை உரிமையாளர் ஒருமுறை பதிவுக்கு விட்டுவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். அனுமதி கேட்க வேண்டாம், முறைப்படி தெரிவித்து, பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். ஒரு லட்சம் பிரதி விற்றால் 2,000 டாலர். இந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. அதற்குப் பிறகு படிப்படியாக ஏறி, 2006ல் 9.1 சென்ட், 2023ல் 12 சென்ட். பணம் பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் போகும். முதலில் பாடிப் பிரபலமாக்கியவர் பாட்டை எழுதியவராக இல்லையென்றால் அவருக்கு ஒரு காசு கிடையாது. ஆக, தட்டின் மேல் யார் பெயர் அச்சாகிறது என்பதுதான் எல்லாம்.

இப்போது சக் பெர்ரி. செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர். கறுப்பின ரசிகர்கள் கூடும் கிளப்பில் வெள்ளைக்காரர்களின் கிராமத்துப் பாட்டுகளைப் பாடி, ஜனங்கள் முதலில் சிரித்து, பிறகு ஆட ஆரம்பித்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 1955ல் சிகாகோவின் செஸ் கம்பெனிக்கு அவர் கொண்டுபோன பாட்டு, 'ஐடா ரெட்' என்ற பழைய ஃபிடில் மெட்டைத் தழுவியது. அதைப் 'மேபெலின்' ஆக்கி வெளியிட்டார்கள். ராக் அண்ட் ரோலின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று அப்படி கன்ட்ரி வயலில் இருந்து எடுத்த கல். தட்டு வெளிவந்தபோது பாட்டாசிரியர் இடத்தில் மூன்று பெயர் இருந்தது. ஒருவர் ரேடியோவில் பாட்டுப் போடும் ஆலன் ஃபிரீட், இன்னொருவர் செஸ் கம்பெனிக்கு வேண்டப்பட்ட ரஸ் ஃபிராட்டோ. இரண்டு பேரும் ஒரு வரிகூட எழுதவில்லை. பெர்ரிக்கு முழு உரிமை திரும்பி வந்தது 1986ல். 31 வருஷம்! நம் ஊரில் ஒரு வாராக்கடனைக்கூட இத்தனை வருஷம் துரத்த மாட்டார்கள்.

1965ல் வர்ஜீனியாவைச் சேர்ந்த புளூகிராஸ் அண்ணன் தம்பிகள் ஜிம், ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் ஒரு காரியம் செய்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் உறுப்பினர் ஆகியிருந்தார்கள். கன்ட்ரிக்காரர்களுக்கு அது திருவையாறு மாதிரி. அந்தக் கையோடு முழுக்க முழுக்க சக் பெர்ரி பாட்டுகளாலேயே ஒரு ஆல்பம் போட்டார்கள், 'பெர்ரி பிக்கிங் இன் த கன்ட்ரி'. மெம்ஃபிஸ், ஜானி பி. குட் எல்லாம் மாண்டலினில். இனவெறி தலைவிரித்தாடிய நாட்டின் தெற்கு மூலையில், கறுப்பர் ஒருவரின் பெயரை ஆல்பத்தின் தலைப்பிலேயே வைத்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. கேட்டுப் பாருங்கள், பாட்டு அந்நியமாகவே தெரியாது. எப்படித் தெரியும்? தாய் வீட்டுக்குத்தானே வந்திருக்கிறது. (தம்பி ஜெஸ்ஸி லேசுப்பட்டவர் இல்லை. 1969ல் டோர்ஸ் ராக் குழுவின் ஆல்பத்தில் மாண்டலின் வாசித்தார். 81 வயதில், 2010ல், கிரேட்ஃபுல் டெட் பாட்டுகளை ஆல்பமாக்கினார். 2023ல் காலமானார்.)

அதே 1965ல் கலிஃபோர்னியாவின் கன்ட்ரி நட்சத்திரம் பக் ஓவன்ஸ், இனி கன்ட்ரி பாட்டைத் தவிர வேறு எதையும் பாட மாட்டேன் என்று நாஷ்வில் பத்திரிகையில் சபதம் வெளியிட்டார். அந்தச் சமயத்தில் வந்த அவருடைய ஆல்பத்திலேயே பெர்ரியின் 'மெம்ஃபிஸ்' இருந்தது :-) 1969ல் அவர் பாடிய 'ஜானி பி. குட்' கன்ட்ரி பட்டியலில் முதலிடம். ரசிகர்கள் சபதத்தை நினைவூட்ட, அதுவும் கன்ட்ரி பாட்டுதானே என்கிற மாதிரி சமாளித்தார். எனக்கு அவர் சொன்னது சரி என்றே படுகிறது. இதற்கிடையில் அவருடைய 'ஆக்ட் நேச்சுரலி'யை பீட்டில்ஸ் பாடிவிட்டார்கள். பதிலுக்கு 1966ல் பாஸ்டன் பக்கத்துப் புளூகிராஸ் கோஷ்டியான சார்ல்ஸ் ரிவர் வேலி பாய்ஸ், பீட்டில்ஸ் பாட்டுகளை மட்டும் எடுத்து 'பீட்டில் கன்ட்ரி' என்று ஆல்பம் போட்டார்கள். கேலியே இல்லாமல், அசல் பக்தியோடு பாடியது.

எல்லாமே இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. லெஸ்டர் ஃபிளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் ஜோடி 1948ல் மன்ரோவை விட்டு வெளியே வந்து இருபது வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள். மூன்று விரல் பாஞ்சோ பாணியை நாடறியச் செய்தவர் ஸ்க்ரக்ஸ். 1967க்குப் பிறகு கொலம்பியா கம்பெனி இவர்களை பாப் டிலனுக்குத் தட்டு தயாரித்த பாப் ஜான்ஸ்டனிடம் ஒப்படைத்தது. அவர் டிலன் பாட்டுகளாகப் பாட வைத்தார். ஸ்க்ரக்ஸுக்கு சந்தோஷம், அவர் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த பாட்டுகள். ஃபிளாட்டுக்கு அந்த வரிகள் வாயில் நுழையவே இல்லை, மனதில் நுழைவது எங்கே? 1969ல் பிரிந்தார்கள். அந்த நவம்பரில் வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தில் ஸ்க்ரக்ஸ் தன் பிள்ளைகளோடு பாஞ்சோ வாசித்தார். கன்ட்ரி உலகத்தில் அன்று யாரும் லேசில் செய்யாத காரியம். ஃபிளாட் பழைய பாட்டுகளோடு தனிக் கோஷ்டி அமைத்துக்கொண்டார். 1979ல் ஃபிளாட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்க்ரக்ஸ் போய்ப் பார்த்தார். அதே மே மாதம் ஃபிளாட் இறந்தார். கவர் பாட்டு வெறும் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஃபிளாட்டையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. தனக்கு ஒட்டாத பாட்டை ராத்திரிக்கு ராத்திரி பாடு என்றால் யாருக்கும் கசக்கும்.

எழுபதுகளில் கதவு அகலத் திறந்துவிட்டது. ராக் உலகத்தின் ஜெர்ரி கார்ஸியா 1973ல் பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு 'ஓல்ட் அண்ட் இன் த வே' கோஷ்டியில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை வாசித்தார். எனக்குப் பிடித்தவர்கள் வாஷிங்டன் பக்கத்து செல்டம் ஸீன். ஒருவர் சர்ஜன், ஒருவர் கணித நிபுணர், ஒருவர் வரைபடம் தயாரிப்பவர். எல்லாரும் ஆபீஸ் போய்விட்டு வந்து வாசித்தவர்கள்! தொண்ணூறுகளில் சிஎம்ஹெச் கம்பெனி ஒவ்வொரு ராக் குழுவுக்கும் ஒரு பாஞ்சோ ஆல்பம் என்று தொழிற்சாலை மாதிரி போட்டுத் தள்ளியது. பாதிக்கு மேல் ஹோட்டல் லிஃப்டுக்குத்தான் லாயக்கு. 2001ல் ஹேஸீட் டிக்ஸி என்ற கோஷ்டி ஏசி/டிசி பாட்டுகளை வைத்து கிண்டலாக ஒன்று போட்டது. ஒருமுறை சிரிக்கலாம்.

முன்னால் பாதி உண்மை என்றேனே, அதற்கு வருகிறேன். பாஞ்சோ, ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய வாத்தியம். மன்ரோ சிறு வயதில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிடார்காரருடன் சேர்ந்து நடன விருந்துகளில் வாசித்தவர். ஓப்ரியின் ஆரம்பகால நட்சத்திரம் டிஃபோர்ட் பெய்லி, மவுத் ஆர்கன் வாசித்த கறுப்பினக் கலைஞர், 1941ல் வெளியே அனுப்பப்பட்டார். இப்படிப் பல பெயர்கள் பேரேட்டிலேயே ஏறாமல் போயின.

அதனால்தான் 2023 எனக்கு முக்கியமாகப் படுகிறது. கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ், டிரேஸி சாப்மன் 1988ல் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்' பாட்டைப் பாடினார். சுத்த ராக் இல்லைதான், ஆனாலும் கணக்கு அதே கணக்கு. பெண் சொல்வதாக இருந்த இடத்தைக்கூட அப்படியே வைத்தார். கன்ட்ரி ரேடியோவில் முதலிடத்துக்குப் போனது. நவம்பரில் கன்ட்ரி மியூசிக் சங்கம் அதை அந்த வருஷத்தின் சிறந்த பாடலாக அறிவித்தது. அந்த விருது பாட்டாசிரியருக்கு. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாட்டாசிரியர் சாப்மன். விழாவுக்கு அவர் வரவில்லை, நன்றிக் குறிப்பு மட்டும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் கோம்ப்ஸோடு சேர்ந்து அதைப் பாடினார். அந்தத் தட்டில் பாட்டாசிரியர் இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.